தேர்வு முடிந்தது, பதில் வரவில்லை: கன்சல்டிங் வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர்களுக்கு

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் மெக்கின்சியின் 'சால்வ்' என்ற ஆன்லைன் தேர்வையோ, அதே தொழிலில் இருக்கும் பிசிஜி சாட்பாட் வழியே நடத்தும் 'கேசி' தேர்வையோ முடித்துவிட்டீர்கள். கடைசித் திரையில் நன்றி என்று மட்டும் வந்தது. மதிப்பெண் இல்லை, தேறினீர்களா என்ற குறிப்பும் இல்லை. அடுத்து வரும் நாள்களில் பலர் அந்த மௌனத்துக்கு அர்த்தம் தேட ஆரம்பிக்கிறார்கள். கூடப் படிப்பவருக்கு அழைப்பு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை, அப்படியென்றால் போய்விட்டது என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த முடிவுக்குப் போகாதீர்கள். அதற்கு ஆதாரம் எதுவும் உங்கள் கையில் இல்லை.

தாமதத்துக்குக் காரணங்கள் பெரும்பாலும் நிர்வாகம் சார்ந்தவை. தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து இந்த நிறுவனங்கள் ஆளெடுப்பதில்லை. உங்கள் ரெஸ்யூமே, நீங்கள் கேட்ட அலுவலகம், அங்கே இந்த ஆண்டு எத்தனை பேர் தேவை என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. பல இடங்களில் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தாண்டிய பிறகே எல்லாரையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். அதனால் முன்கூட்டியே தேர்வை முடித்தவர்தான் அதிக நாள் காத்திருக்க நேரிடும். அழைப்புகளும் ஒரே நாளில் போவதில்லை. முதலில் அழைக்கப்பட்டவர்கள் விலகினால் அடுத்தவர்களைக் கூப்பிடுவார்கள்.

'நான் சரியாகச் செய்யவில்லை' என்ற உணர்வையும் அப்படியே நம்ப வேண்டாம். சால்வில் வரும் 'ரெட் ராக்' பகுதிக்கு 35 நிமிடம். தகவல் திரட்ட வேண்டும், கணக்குப் போட வேண்டும், அறிக்கையை நிரப்ப வேண்டும், அதன் பிறகு தனித்தனிக் குறுங்கேள்விகள் வேறு. நேரம் போதவில்லை என்ற எண்ணம் அங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் வரும். சால்வில் முன்பு பரவலாக இருந்த, உணவுச் சங்கிலி அமைக்கும் பகுதியில் நடந்தது நேர்மாறு. 39 உயிரினங்களிலிருந்து 8-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விலங்குக்கும் தேவையான கலோரி அது உண்ணும் உயிரினங்களிடமிருந்து கிடைக்க வேண்டும், உண்ணப்படும் உயிரினமும் முழுக்கத் தீர்ந்துவிடக் கூடாது, எட்டும் ஒரே இடத்தின் சூழலுக்குப் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. இதில் ஒன்றைச் சரிபார்க்க விட்டவர்கூட நிறைவாகச் செய்துவிட்டோம் என்றே வெளியே வந்தார். இறுதி விடையோடு, அதற்கு நீங்கள் போய்ச் சேர்ந்த விதமும் சால்வில் மதிப்பிடப்படுகிறது. ஆகவே உங்கள் நெஞ்சு சொல்லும் மதிப்பெண்ணும் அவர்கள் கணினி போடும் மதிப்பெண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

தேர்வன்று மாலையே அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வையுங்கள். எந்தப் பகுதியில் நேரம் கரைந்தது, சதவீதக் கணக்கில் எங்கே தடுமாறினீர்கள், கேசியின் முடிவில் வரும் ஒரு நிமிட வீடியோவில் பரிந்துரையை முதல் வாக்கியத்திலேயே சொன்னீர்களா, கடைசி விநாடிக்குத் தள்ளினீர்களா? கேள்விகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தேர்வு தொடங்குமுன் நீங்கள் ஒப்புக்கொண்ட ரகசிய நிபந்தனையை அது மீறும், கையிலிருக்கும் வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

நடுவில் நெட் அறுந்ததா, திரை உறைந்ததா? அதை அன்றே சொல்ல வேண்டும். நேரம், பிரவுசரின் பெயர், திரையில் வந்த பிழைச் செய்தி, விண்ணப்ப எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அழைப்பு மின்னஞ்சலில் இருக்கும் உதவி முகவரிக்கு எழுதுங்கள். அன்றே சொன்னால் மறுவாய்ப்புக்கு வழி இருக்கிறது. நிராகரிப்பு வந்த பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் தெரியும்.

நினைவூட்டல் ஒன்று அனுப்பலாம், ஒன்றே ஒன்று. அவர்கள் தேதி சொல்லியிருந்தால் அது தாண்டி 3 வேலை நாள் பொறுங்கள். சொல்லாவிட்டால் தேர்வு முடிந்து 10 வேலை நாள் நியாயமான அவகாசம். அதற்கு முன் ஸ்பேம் பெட்டியையும் விண்ணப்பத் தளத்தில் உங்கள் கணக்கையும் பாருங்கள். அழைப்பு அங்கே வந்து கிடப்பது அரிதல்ல. மின்னஞ்சல் நான்கு வரி போதும்: பெயரும் விண்ணப்ப எண்ணும், தேர்வு முடித்த தேதி, முடிவு எப்போது தெரியலாம் என்ற கேள்வி, நன்றி. மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், பெரும்பாலும் தரமாட்டார்கள். கல்லூரி வளாகத் தேர்வு வழியாக வந்தவர்கள் நிறுவனத்துக்கு நேரடியாக எழுதாமல் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் கேளுங்கள். பட்டியல் முதலில் வருவது அவரிடம்தான்.

வேறு நிறுவனத்திலிருந்து ஆஃபர் வந்து பதில் சொல்லக் கெடு வைத்திருந்தால், பொறுக்காமல் அன்றே எழுதலாம். கெடு தேதியைக் குறிப்பிட்டு, அதற்குள் நிலவரம் தெரியுமா என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் இல்லாத ஆஃபரைச் சொல்லி அவசரப்படுத்த வேண்டாம். பதில் வராமலே கெடு நெருங்கினால், கையிலிருக்கும் வேலையை வராத வேலைக்காக விடுவது பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்ற முடிவல்ல. ஒரு ஆஃபரை ஏற்றபின் வேறு நிறுவனத் தேர்வுக்குப் போகலாமா என்பதில் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும். கையெழுத்திடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நாள்களில் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் பல நேரம் ஒரு வாரம்தான் கிடைக்கும், ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் 'கேஸ்' நேர்காணலுக்கு அது போதாது. எனவே தேறிவிட்டோம் என்றே வைத்துக்கொண்டு இப்போதே பழகுங்கள். வாரத்துக்கு இரண்டு கேஸ், நண்பர் ஒருவரை எதிரில் உட்கார வைத்து, வாய்விட்டுப் பேசி. தனியாகப் படிப்பவர் சிக்குவது பேச்சில்தான்: எண் சரியாக வரும், ஆனால் அதனால் என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றால் வாய் வராது. லாபம் ஏன் குறைந்தது என்பது போன்ற கேள்வியில் ஒரு நாள், சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை கேன் தண்ணீர் விற்கும் என்பது போன்ற மதிப்பீட்டில் ஒரு நாள். தினமும் பத்து நிமிடம் கால்குலேட்டர் இல்லாமல் சதவீதக் கணக்கு. நீங்கள் முன்னின்று செய்த மூன்று நான்கு காரியங்களை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தில் சொல்லும்படி தயார் செய்யுங்கள். இந்த நிறுவனம் வராவிட்டாலும் இந்தப் பயிற்சி அடுத்த நிறுவனத்துக்கு அப்படியே உதவும். மற்ற விண்ணப்பங்களை நிறுத்தவே கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தினமும் 'மெயில் வந்துச்சா?' என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை பேசிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவினர்களுக்கு 'முடிவு வந்ததும் சொல்றோம்' என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கல்விக் கடன் தவணைதான் கவலை என்றால், எந்த மாதம் தொடங்குகிறது என்று வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்தைப் பாருங்கள்; தவிப்பில் பாதி அந்தத் தேதி தெரியாததால் வருவது. முடிவைத் தெரிந்து சொல்கிறேன், உள்ளே ஆள் இருக்கிறது என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். வேலைக்கு டெபாசிட் கேட்கும் கடிதமும் அப்படியே.

நிராகரிப்பு வந்தால் அதில் காரணம் எழுதியிருக்காது. மீண்டும் எப்போது விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் பதில் எழுதிக் கேளுங்கள். இடைவெளி பெரும்பாலும் ஓராண்டு அல்லது அதற்கு மேல், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தத் தேதியையும், தேர்வன்று எழுதிய அந்த ஒரு பக்கத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். அடுத்த முறை பயிற்சியை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.