கிடங்கில் கிடைத்த சேது காசும் அப்பாவின் பிஸ்கட் பேணியும்

கேள்வி: என் தகப்பனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். சென்ற வருடம் காலமானார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். அப்பா நாற்பது வருடங்களாகச் சேர்த்த நாணயங்கள் ஒரு பிஸ்கட் பேணியில் இருக்கின்றன. ஒல்லாந்தர் காலத்துத் துட்டுகள், யானை பொறித்த 1803, 1815 காசுகள், விக்டோரியா மகாராணியின் 1870 சதங்கள், புத்த ஜயந்திக்காக வெளியான 1957 ஐந்து ரூபா வெள்ளி நாணயம், 2013இல் 25 மாவட்டங்களுக்காக மத்திய வங்கி வெளியிட்ட பத்து ரூபா நாணயங்கள் எல்லாம் அதில் உண்டு. எதை எப்போது யாரிடம் வாங்கினார் என்று ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறார்.

மூன்று வாரங்களுக்கு முன் வளவில் மலசலகூடக் கிடங்கு வெட்டியபோது நான்கடி ஆழத்தில் ஒரு மண்முட்டி உடைந்து 43 செப்புக்காசுகள் வந்தன. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் மாடு, அதன் கீழே 'சேது' என்ற எழுத்து. கிடங்கு வெட்டியவர் ஐந்து காசுகளைத் தன் பங்காக எடுத்துக்கொண்டார். ஒன்றை நான் பழப்புளி போட்டு மினுக்கினேன். தம்பி நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வருகிறார். எல்லாவற்றிலும் பாதி தனக்கு வேண்டும் என்கிறார். முட்டிக் காசைப் பற்றி யாரும் கேட்டால் "தொண்ணூற்றைந்து இடம்பெயர்வில் அப்பா புதைத்தது" என்று சொல்லிவிடலாம் என்றும் சொல்கிறார். காணி உறுதி என் பெயரில்தான் இருக்கிறது. இதற்கிடையில், முகநூலில் ஒருவரிடம் 35,000 ரூபாவுக்கு நான் வாங்கிய இன்னொரு 1957 வெள்ளி நாணயம் காந்தத்தில் ஒட்டுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

(உடுவில் வாசகர்)

பதில்: ஐயா, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பேணியையும் முட்டிக் காசையும் வெவ்வேறு அறைகளில் வையுங்கள். இரண்டும் பழைய காசுதானே என்று ஒரே பையில் போட்டுவிட்டால், உங்கள் தகப்பனார் நேர்மையாகச் சேர்த்த சேகரிப்பின் மீதும் சந்தேகம் விழும். சட்டத்தின் கண்ணில் இவை இரண்டும் வேறு வேறு சங்கதிகள்.

முட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் அவசரம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது என்று நியாயமாக நம்பக்கூடிய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. அது கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அந்தப் பொருட்களின் வரிசையில் நாணயம் பெயர் சொல்லியே வருகிறது. சேது காசு யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது. சேதுகாவலர் என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்த அரசர்களின் ஆட்சி 1619இல் போர்த்துக்கேயரின் கையில் முடிந்தது. ஆகவே உங்கள் 43 காசுகளும் தொல்பொருள் என்பதில் வாதாட இடமில்லை.

இனிக் காணி உறுதிக்கு வருகிறேன். "என் காணியில் கிடைத்தது என்னுடையது" என்பது நம்மவர்களிடம் ஆழ ஊறிப்போன எண்ணம். நான் பார்த்த இத்தகைய வழக்குகளில் பாதி இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கிறது. மண்ணுக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசின் சொத்து என்றே சட்டம் கொள்கிறது. தன் காணியில் கிடைத்தது என்ற ஒரே காரணத்தால் அது காணிக்காரருக்கு உரித்தாகிவிடாது. உங்கள் உறுதி கிணற்றையும் பனையையும் வேலியையும் உங்களுக்குத் தருகிறது, அந்த முட்டியைத் தரவில்லை.

தற்செயலாகக் கிடைத்ததற்காக உங்களை யாரும் குற்றவாளியாக்க முடியாது. கிடங்கு வெட்டியது காசு தேடி அல்ல. ஆனால் கிடைத்ததை அறிவிக்காமல் வைத்திருப்பதும், விற்பதும், பங்குபோடுவதும், இன்னும் கிடைக்குமா என்று அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவதும் உங்களை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். இவை சிறைவரை போகக்கூடிய விடயங்கள். 1998ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தண்டனைகள் கடுமையாகிவிட்டன. இவ்வகை வழக்குகளில் பிணையும் எளிதில் கிடைப்பதில்லை. மூன்று வாரம் போய்விட்டது என்பது நல்லதல்ல, ஆனால் திருத்த முடியாததும் அல்ல. நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் பொலிஸ் வந்து எடுப்பதற்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரியது.

இந்த வாரமே ஒரு சட்டத்தரணியுடன் இருந்து ஓர் அறிவித்தல் கடிதம் எழுதுங்கள். கிடைத்த நாள், இடம், ஆழம், யார் யார் நின்றார்கள், எத்தனை காசு என்பனவற்றை உள்ளபடி எழுதுங்கள். ஐந்து காசு கிடங்கு வெட்டியவரிடம் போனதையும் எழுதுங்கள். அதற்கு முன் அவரைக் கூப்பிட்டு, திருப்பித் தரும்படி தன்மையாகக் கேளுங்கள். அவர் கூலிக்கு வந்த மனிதர், சட்டம் தெரியாமல் எடுத்திருக்கிறார். அவரையும் உங்களுடன் கூட்டிக்கொண்டு போனால் இருவருக்கும் பாதுகாப்பு. அவர் வர மறுத்தாலும் அதற்காக எண்ணிக்கையை 38 என்று மாற்றி எழுதாதீர்கள். கடிதத்தைத் தொல்பொருள் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கொடுத்து, பிரதியொன்றைப் பிரதேச செயலகத்திலும் சேர்ப்பியுங்கள். கிராம அலுவலருக்கும் தெரியப்படுத்துங்கள். காசுகளை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் இரு பக்கப் படமும், நிறையும், எண்ணிக்கையும் கொண்ட பற்றுச்சீட்டு வாங்காமல் எழும்பாதீர்கள். காணிக்காரர் என்ற வகையிலும் கண்டெடுத்தவர் என்ற வகையிலும் உங்களுக்குச் சேரக்கூடிய கொடுப்பனவையும், திணைக்களம் வைத்திருக்க விரும்பாத காசுகள் இருந்தால் அவற்றைத் திருப்பித் தருவதையும் அதே கடிதத்தில் கோருங்கள். பிறகு நினைத்துக் கேட்பதைவிட முதல் நாளே எழுத்தில் இருப்பது நல்லது.

உடைந்த முட்டியின் ஓடுகள் எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேலியோரம் கொட்டிய மண்ணில் கிடந்தால் கையால் பொறுக்கி எடுத்து ஒரு பெட்டியில் வையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் பழங்காலக் குடியிருப்பு இடமான கந்தரோடை இருக்கிறது. நீதிபதியாகவும் பணியாற்றிய போல் ஈ. பீரிஸ் நூறு வருடங்களுக்கு முன் அங்கே அகழ்ந்து பார்த்தார். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தார்கள். அந்த மண்ணிலிருந்து எத்தனையோ காசுகள் எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தன என்ற குறிப்பே இல்லாமல் கைமாறிப் போய்விட்டன. தனியாகக் கையில் இருக்கும் சேது காசு, அது சேது காசு என்பதை மட்டும்தான் சொல்லும். முட்டியோடும் மண்ணோடும் கிடந்த 43 காசுகள், யார் எப்போது எதற்குப் பயந்து புதைத்தார்கள் என்பதையும் சொல்லக்கூடும். நமது பழைய யாழ்ப்பாண அரசைப் பற்றி எழுத்தில் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பழப்புளியை இனித் தொடவேண்டாம். பச்சை படிந்த அந்த மேற்படைதான் செம்பைக் காத்து நிற்கிறது. புளி அதைக் கரைக்கும்போது தேய்ந்த எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகிறது. மினுக்கிய காசை நல்ல சேகரிப்பாளர் எவரும் விரும்புவதில்லை. தொல்பொருளைச் சேதப்படுத்துவது சட்டப்படியும் குற்றம். மினுக்கியதைக் கடிதத்தில் ஒப்புக்கொண்டு எழுதுங்கள். தெரியாமல் செய்ததைச் சொல்வதில் வெட்கமில்லை.

தம்பி சொல்லும் கதைக்கு வருகிறேன். 1995 ஒக்டோபரில் போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, நகையையும் உறுதியையும் காசையும் வளவுக்குள் புதைத்துவிட்டுப் போனவர்கள் பலர். அப்படிப் புதைத்த பொருளின் உரித்து புதைத்தவருக்கே உரியது. அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு வரும். அது உண்மையானால் நானே உங்களுக்காக நின்று வாதாடுவேன். ஆனால் அது உண்மையில்லை. உங்கள் தகப்பனாரின் கொப்பியே அதை மறுக்கும். இரண்டு துட்டு வாங்கியதைக்கூட எழுதிவைத்த மனிதர் 43 சேது காசை எழுதாமல் விட்டிருப்பாரா? முட்டியின் வயதும் காசில் ஒட்டிப் படிந்த மண்ணும் மறுக்கும். கிடங்கு வெட்டியவரும் சாட்சி. பொய் வாக்குமூலம் தனிக் குற்றம். அதைவிட எனக்கு உறுத்துவது, அந்த வருடம் உண்மையாகவே புதைத்துவிட்டுத் திரும்பி வந்து தேடுகிறவர்களின் சொல்லை நாளைக்கு யாரும் நம்பமாட்டார்கள் என்பதுதான். தம்பியிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

பேணி முற்றிலும் வேறு. அது தகப்பனாரின் சொத்து. மரண சாசனம் எழுதாமல் போயிருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி உங்கள் இருவருக்கும் முதுசமாக, அதாவது பெற்றோர் வழிச் சொத்தாக, வருகிறது. வேறு சகோதரர் இல்லையென்றால் பாதி பாதி. தம்பி பங்கு கேட்பது நியாயம். எண்ணிக்கையில் பிரிக்காதீர்கள். ஒரு 1957 வெள்ளியும் ஒரு மாவட்ட நாணயமும் ஒரே பெறுமதி அல்ல. இருவரும் இருந்து பட்டியல் எழுதி, பெறுமதி பார்த்து, கையொப்பமிட்டுப் பிரியுங்கள். முடிந்தால் பிரிக்காமல் ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுப்பது சேகரிப்புக்கு நல்லது. மாவட்ட நாணயம் இருபத்தைந்தும் சேர்ந்து இருந்தால்தான் அது ஒரு தொகுதி.

பங்கு எடுப்பது ஒன்று, கடல் கடந்து கொண்டுபோவது இன்னொன்று. ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை பதித்த துட்டுகள் பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியவை. அவையும் 1803 யானைக் காசும் தொல்பொருள் வரையறைக்குள் வருகின்றன. கொப்பியில் பதிந்து, விலை கொடுத்து வாங்கிய இவற்றை வீட்டில் வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பலாலியாக இருந்தாலும் கட்டுநாயக்காவாக இருந்தாலும் சுங்கத்தில் பிடிபட்டால் காசும் போகும், வழக்கும் வரும்.

1815 யானைக் காசு சுவையான கேள்வி. ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜின் தலை, மறுபக்கம் யானை, அதன் கீழே ஆண்டு. காசில் ஆண்டுதான் இருக்கிறது, மாதம் இல்லை. மார்ச் 2க்கு முன்னா பின்னா என்று அதைப் பார்த்து யாரும் சொல்லமுடியாது. இங்கே துணிந்து பார்க்கும்படி நான் ஒருவருக்கும் ஆலோசனை சொல்லமாட்டேன். அப்படித் துணிந்தாலும் பயனில்லை. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துக்கள் சட்டமும் இருக்கிறது. நூறு வருடங்களைக் கடந்த நாணயங்களை ஏற்றுமதி செய்வதற்கு முன் அதன்படியும் அனுமதி பார்க்க வேண்டும். ஆகவே 1870 சதங்களையும் அனுமதி வேண்டியவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழம்பொருள் வியாபாரம் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான். ஆகவே யாராவது வியாபாரி பேணியை மொத்தமாகக் கேட்டு வந்தால், முதலில் அவருடைய பத்திரத்தைக் கேளுங்கள். 1957 வெள்ளியும் மாவட்ட நாணயங்களும் தொல்பொருள் அல்ல. தம்பியின் பங்கை அவற்றிலிருந்து கொடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

முகநூல் நாணயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உண்மையான 1957 ஐந்து ரூபா வெள்ளியால் ஆனது, சுமார் 28 கிராம் நிறை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. உங்களிடம் இருப்பதை நகைக்கடைத் தராசில் நிறுத்து, அப்பாவின் பேணியில் உள்ளதோடு பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரணைக்குப் பொருந்தியிருக்க வேண்டும். போலி என்று தெரிந்தே விற்றிருந்தால் அது தண்டனைச் சட்டக்கோவையில் ஏமாற்றுதல் என்ற குற்றம். விற்றவர் அனுப்பிய செய்திகளையும் வங்கிச் சீட்டையும் அழிக்காமல் வையுங்கள். 14 நாளில் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பொலிஸில் முறையிடுங்கள். பணத்தை மீட்க மத்தியஸ்த சபை வழியும் இருக்கிறது. அந்தப் போலியை மட்டும் வேறு ஒருவருக்குத் தள்ளிவிடாதீர்கள். இப்போது அது போலி என்று உங்களுக்குத் தெரியும். விற்றால் ஏமாற்றியவர் நீங்கள்.

அந்தக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுங்கள். தம்பிக்குப் பிரதியைக் கொடுங்கள். மூலம் பேணியோடு உடுவிலில் இருக்கட்டும்.