ட்ரோன் படிப்புதான் வேண்டும் என்று நிற்கும் மகனுக்கு என்ன சொல்வது?

பல்லடத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடித்த உங்கள் மகன், ‘ட்ரோன்’ என்ற பெயருள்ள பட்டப்படிப்பில்தான் சேருவேன், ராணுவத்துக்கு ட்ரோன் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறார். உங்களுக்கோ இரண்டு கவலை: இந்த மோகம் நாலு வருஷம் தாங்குமா, பிள்ளை ஆளைக் கொல்லும் வேலைக்குப் போகிறானா. முதல் கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு உங்கள் மகன்தான் பதில் தேட வேண்டும். அதற்கு அவன் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

அவன் ஆசையை விளையாட்டுப் புத்தி என்று தள்ளிவிடாதீர்கள். 2021 ஜூன் 27 அதிகாலையில் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மேல் ட்ரோன்கள் வந்து வெடிபொருளைப் போட்டுவிட்டுப் போயின. 2025 மே மாத மோதலில் இந்தியா, பாகிஸ்தான் இரண்டுமே ட்ரோன்களை ஏவின. அடுத்த மாதம் முதல் தேதி, உக்ரைன் 117 சிறு ட்ரோன்களை லாரிகளில் மறைத்து ரஷ்யாவுக்குள் கொண்டுபோய், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருந்த விமானத் தளங்களையும் தாக்கியது. பல கோடி டாலர் பெறும் குண்டுவீச்சு விமானத்தை, மேசை மேல் வைக்கக்கூடிய ஒரு கருவி எரித்துவிட்டது. இந்தத் துறையில் வேலைக்குப் பஞ்சம் வராது.

அப்படியானால் ட்ரோன் படிப்பிலேயே சேர்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். உக்ரைன் போர்முனையில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். ஆரம்பத்தில் ட்ரோன்களை ரேடியோ அலை மூலம் இயக்கினார்கள். எதிரி அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டி இணைப்பை அறுத்தான். இதைத்தான் ஜாமிங் என்கிறார்கள். உடனே அலைவரிசையை மாற்றினார்கள், ஜாமரும் கூடவே மாறியது. பிறகு ட்ரோனின் வயிற்றில் ஒரு உருளையைக் கட்டி, மயிரிழை போன்ற கண்ணாடி இழையைச் சுற்றி அனுப்பினார்கள். ட்ரோன் போகப் போகப் பத்து, இருபது கிலோமீட்டருக்கு அந்த இழை அவிழ்ந்துகொண்டே போகும். படமும் கட்டளையும் இழை வழியாகவே போவதால் ஜாமருக்கு அங்கே வேலை இல்லை. இன்னொரு பக்கம், இணைப்பு அறுந்தாலும் கடைசிச் சில நூறு மீட்டரைக் கேமராவில் பார்த்துத் தானாகவே இலக்கைத் தொடரும் மென்பொருள் வந்துவிட்டது. இத்தனையும் மூன்று வருஷத்துக்குள் நடந்தது. இந்த வேகத்துக்கு எந்தக் கல்லூரியின் பாடத்திட்டமும் ஈடுகொடுக்காது.

ஆனால் இத்தனை மாற்றத்துக்கும் அடியில் இருக்கும் பாடங்கள் மாறவில்லை: ரேடியோ அலை, சிக்னல் பிராசஸிங் (சிக்னலிலிருந்து இரைச்சலைப் பிரித்துத் தகவலை எடுப்பது), கன்ட்ரோல் சிஸ்டம் (கருவியை நிலைதவறாமல் இயக்குவது), எம்பெடட் புரோகிராமிங் (கருவிக்குள் இருக்கும் சிறு கணினிக்கு நிரல் எழுதுவது), இவற்றுக்கெல்லாம் அடிப்படையான கணிதம். இவற்றை ஒரே இடத்தில் கற்றுத்தருவது ஈசிஇ, அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங். ஆகவே நல்ல கல்லூரியில் ஈசிஇ கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கட்-ஆஃப் இடம்கொடுத்தால் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ஏரோநாட்டிக்கல் (விமானப் பொறியியல்) படிக்கலாம். அப்துல் கலாம் படித்த இடம். ஆளில்லா விமான ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸும் தப்பில்லை. படத்திலிருந்து இலக்கை அடையாளம் காணும் வேலையும் சைபர் பாதுகாப்பும் அதற்குள் வருபவைதான். அப்பாவிடம் சண்டை வேண்டாம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் கிடைத்தது என்றால் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சில்லைக் கையில் எடுத்து வேலை செய்யும் பழக்கத்தை மட்டும் அவன் விட்டுவிடக் கூடாது.

பெயரில் ட்ரோன் ஒட்டிய பட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதை யாரும் சேர்க்கையின்போது சொல்வதில்லை. டிஆர்டிஓ (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு), பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) போன்ற அரசு நிறுவனங்களின் வேலை அறிவிப்பில் எந்தெந்தப் பட்டம் ஏற்கப்படும் என்று பட்டியல் இருக்கும். எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் எப்போதும் இருக்கும். புதுப் பெயர் படித்தவர் ‘இதுவும் அதற்கு இணையானதுதான்’ என்று சான்றிதழோடு அலைய வேண்டிவரலாம். கூடுதல் கட்டணம் கட்டி இந்தத் தலைவலியை வாங்குவானேன்? ட்ரோன் ஓட்டத் தெரிய வேண்டும் என்றால் அது தனிக் கதை. 18 வயதாகி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் அனுமதி பெற்ற பயிற்சி மையத்தில் சில நாளில் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கிவிடலாம். விடுமுறையில் முடிகிற வேலை.

இனி உங்கள் இரண்டாவது கவலை. இந்தத் தொழில்நுட்பங்கள் கொண்டுவரும் ஆபத்தைத் தடுப்பதே இன்று தனித் துறையாகிவிட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சிக்னல், கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் யாரோ முணுமுணுப்பது போல அவ்வளவு மெலிது. ஒரு சிறிய கருவி போதும், அதை அமுக்கிவிடலாம். இன்னும் மோசம், பொய்யான சிக்னலைக் கொடுத்து ‘நீ இருப்பது இங்கே’ என்று நம்பவைக்கலாம். அதற்கு ஸ்பூஃபிங் என்று பெயர். போர் நடக்கும் பகுதிகளுக்குப் பக்கத்தில் பயணிகள் விமானங்களே இதில் மாட்டித் திணறுகின்றன. அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் ரிசீவரை வடிவமைப்பவர் ஈசிஇ படித்தவர். வெளிநாட்டிலிருந்து வரும் சில்லுக்குள் உளவுக் கதவு ஒளிந்திருக்கிறதா என்று சோதிப்பவரும் அவரே. வந்துகொண்டிருக்கும் ட்ரோனைக் கண்டுபிடித்து, ஜாம் செய்து, தேவைப்பட்டால் லேசரால் வீழ்த்தும் டி-4 என்ற அமைப்பை டிஆர்டிஓ உருவாக்க, பெல் தயாரிக்கிறது. உங்கள் மகன் போக நினைக்கும் ‘ராணுவ வேலை’யில் இப்படிப்பட்ட காக்கும் வேலை நிறையவே இருக்கிறது.

அதற்காக மறுபக்கத்தை மறைக்க மாட்டேன். மனிதர் உத்தரவில்லாமல் தானே இலக்கைத் தேர்ந்து சுடும் ஆயுதம் பற்றிய அச்சம் உண்மையானது. நிழற்படத்தில் துப்பாக்கியும் மண்வெட்டியும் இயந்திரத்துக்கு ஒன்றாகத் தெரிந்தால், வயலில் நிற்பவர் சாவார். தப்புக்கு யார் பொறுப்பு, நிரல் எழுதியவரா, வாங்கிய ராணுவமா, ஏவிய அதிகாரியா என்ற கேள்விக்கு உலகச் சட்டத்தில் இன்னும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்த ஆயுதங்கள் குறித்துத் தீர்மானம் கொண்டுவந்தபோது 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நான்கில் இந்தியாவும் ஒன்று. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் நாட்டின் நிலைப்பாடு இது, தெரிந்துகொண்டு போகட்டும். 2018-ல் அமெரிக்க ராணுவத்தின் மேவன் திட்டத்துக்குக் கூகுள் உதவியபோது, ட்ரோன் படங்களை ஆராயும் அந்த வேலை வேண்டாம் என்று அங்கிருந்த ஆயிரக்கணக்கான ஊழியர்கள் கையெழுத்திட்டார்கள். ஒப்பந்தத்தை நிறுவனம் புதுப்பிக்கவில்லை. இங்கே ஒரு அரசு ஆய்வகத்தில் புதிதாய்ச் சேர்ந்த பொறியாளருக்கு ‘இந்தத் திட்டம் எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் இடம் மிகக் குறைவு. எந்த எல்லை வரை தனக்குச் சம்மதம் என்பதைச் சேருவதற்கு முன்பே அவன் யோசித்திருக்க வேண்டும். இதைத் திட்டாமல், பயமுறுத்தாமல், சாப்பிடும்போது சாவகாசமாக அவனிடம் பேசுங்கள். பதினெட்டு வயதில் புரியாத விஷயம் இல்லை இது.

வேலை எங்கே என்று அப்பா கேட்பார். பி.இ. முடித்து, பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தால் டிஆர்டிஓவில் சயின்டிஸ்ட்-பி என்ற தொடக்கநிலை விஞ்ஞானி பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பெங்களூரு ஆய்வகங்களில் ஆளில்லா விமானமும் செயற்கை நுண்ணறிவும், ஹைதராபாத்தில் மின்னணுப் போர்முறை, ஆவடியில் பீரங்கி வண்டி. பெல்லுக்குச் சென்னை நந்தம்பாக்கத்திலேயே ஆலை இருக்கிறது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் இருப்பதால், ஸ்டார்ட்-அப்பில் சேர நினைத்தால் உங்களுக்குக் கோவையே பக்கம். ஆனால் அரசுப் பணியிடங்கள் குறைவு, போட்டி கடுமை. கிடைக்காவிட்டாலும் இதே படிப்பு ஆட்டோமொபைல், டெலிகாம், சிப் வடிவமைப்பு என்று எங்கும் செல்லும். விசைத்தறிக் கூடம் நடத்தும் உங்கள் வீட்டுக்கு, ஒரே ஆர்டரை நம்பித் தறி போடக் கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கை. வீட்டில் ட்ரோன் செய்து பறக்கவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சூலூர் விமானப்படைத் தளம் கிட்டத்தில் இருக்கிறது. எங்கே ட்ரோன் பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடம் எந்த மண்டலம் என்று பார்க்காமல் ஒருநாளும் ஏற்றக் கூடாது. அப்படி ஒரு வழக்கு விழுந்தால் பின்னாளில் பாதுகாப்புத் துறை வேலைக்கான போலீஸ் வெரிஃபிகேஷனில் அது குறுக்கே நிற்கும். அடுத்தது, இத்துறை மாணவர்களையும் பொறியாளர்களையும் சமூக வலைதளத்தில் போலிக் கணக்கு வைத்துப் பழகித் தகவல் கறப்பது நடக்கிறது. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. புராஜெக்ட் படத்தைப் பெருமைக்குப் பதிவேற்றும் பழக்கத்தை இப்போதே விடச் சொல்லுங்கள்.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் மகனைக் கூட்டிக்கொண்டு, வரிசையில் முதலில் வைக்கப்போகும் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய்வாருங்கள். அலங்கார வளைவைப் பார்க்க வேண்டாம், கம்யூனிகேஷன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரேடியோ அலைகளை அலைவரிசை வாரியாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் எங்கே என்று கேளுங்கள். அது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவுக்குள் இருந்தால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்குங்கள். மேசை மேல் இருந்து, மூன்றாம் வருஷப் பிள்ளை ஒருவன் அதன் பொத்தான்களைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினான் என்றால், அதை மேலே ஏற்றுங்கள்.