அட்வைசர் ரூம் கதவ தட்டாம திரும்பி வந்துட்டேன் அக்கா

கேள்வி: அக்கா, நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துப் பொண்ணு. அரசாங்க யுனிவர்சிட்டில பயோடெக் ரெண்டு வருஷம் முடிச்சு இப்ப லீவுக்கு வீட்ல இருக்கேன். மொத்தம் 120 கிரெடிட், 64 முடிஞ்சது, சி.ஜி.பி.ஏ (மொத்த கிரேட் சராசரி) 3.52. ஃபர்ஸ்ட் கிளாஸ் வேணும்னா 3.67 இருக்கணும், அது கெடச்சா பி.டி.பி.டி.என் (அரசாங்கப் படிப்புக் கடன்) திருப்பிக் கட்ட வேண்டாம்னு சொல்றாங்க. பயோகெமிஸ்ட்ரில சி பிளஸ் வாங்கிட்டேன், ரிப்பீட் பண்ணலாமா? அகடமிக் அட்வைசர கேளுனு ரூம்மேட் சொல்றா. ஒரு நாள் அவர் ரூம் வரைக்கும் போனேன், உள்ள யாரோடயோ பேசிட்டு இருந்தாரு, தட்டாமலே வந்துட்டேன். அவருக்கு எவ்ளோ வேல இருக்கும், நான் போயி தொந்தரவு பண்றதா? அம்மா செம்பனைத் தோட்டத்துல உதிரிப் பழம் பொறுக்குறாங்க, அவங்ககிட்ட இதெல்லாம் சொல்லவும் முடியல.
— ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, உன் மார்க்கப் பத்தி பேசறதுக்கு முன்னாடி அந்தக் கதவப் பத்தி பேசிடறேன், ஏன்னா அந்தக் கதவு முன்னாடி நானும் நின்னிருக்கேன். நம்ம தாத்தா பாட்டி காலத்துல தோட்டத்து ஆபீஸ்ல ஒரு வேலன்னா கிராணி (ஆபீஸ் கிளார்க்கு) நிமிர்ந்து பாக்கற வரைக்கும் வாசல்லயே நிக்கணும், காலைல ஆள் எண்ணற பெரட்டுல பேர் கூப்பிட்டாத்தான் வாயத் தொறக்கணும், அப்படி நின்னு நின்னு பழகுனது நமக்கு யாரும் சொல்லிக் குடுக்காமலே ஒடம்புல ஊறிப் போச்சு. பெரிய ஆளுகிட்ட நாமளா போயி கேட்டா அது மரியாதக் கொறைச்சல்னு ஒரு பயம். நான் படிச்ச காலத்துல மூணு வருஷமும் என் அட்வைசர ஒரு தடவ கூட தனியா போயி பாக்கல. ஒரு சப்ஜெக்ட் வருஷத்துக்கு ஒரு தடவதான் ஓப்பன் பண்ணுவாங்க, அத எடுக்காம அடுத்தத எடுக்க முடியாதுனு எனக்குத் தெரியாது, கடைசில ஒரு செமெஸ்டர் நீண்டு போச்சு, அந்த செமெஸ்டர் செலவுக்கு அம்மாவோட சங்கிலி அடகுக் கடைக்குப் போச்சு. பத்து நிமிஷம் உக்காந்து பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

அட்வைசர் கிராணி இல்லம்மா. ஒன்ன பாக்கறது அவரோட வேலயிலயே ஒரு பகுதி, அதுக்குத்தான் ஒன் பேர அவர் லிஸ்ட்ல போட்டிருக்காங்க. நீ போகலன்னா அவருக்கு ஒன் மெட்ரிக் நம்பர் மட்டும்தான் தெரியும், நாளைக்கு ஸ்காலர்ஷிப்புக்கோ வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுக்கோ சப்போர்ட் லெட்டர் கேட்டா பாவம் அவர் என்னத்த எழுதுவாரு?

இப்ப கணக்குக்கு வா. 3.67 வேணும்னா, அத 120 கிரெடிட்டால பெருக்கி, மொத்தம் 440 பாயிண்டுக்கு மேல சேக்கணும், ஒன்கிட்ட 64 கிரெடிட்டுக்கு 225 இருக்கு, மீதி 56 கிரெடிட்ல சராசரி 3.84 எடுக்கணும். அதாவது இனிமே எடுக்கற சப்ஜெக்ட்ல பாதிக்கு மேல ஏ (4.0), மிச்சம் ஏ மைனஸ் (3.67). கஷ்டந்தான், ஆனா முடியாத காரியம் இல்ல, உன்ன மாதிரி பிள்ளைங்க எடுத்து பாத்திருக்கேன்.

ரிப்பீட் விஷயம் இன்னும் கொஞ்சம் யோசிக்கணும். 3 கிரெடிட் சப்ஜெக்ட்ல சி பிளஸ் போயி ஏ மைனஸ் வந்தா, பழைய கிரேட எடுத்துட்டு புதுச போடற யுனிவர்சிட்டியா இருந்தா, சுமார் 4 பாயிண்ட் கூடும், 3.84 எடுக்க வேண்டிய எடத்துல 3.77 எடுத்தா போதும். கேக்க நல்லா இருக்கு இல்ல? ஆனா சி பிளஸ் பாஸ் மார்க்குங்கறதால ரிப்பீட்டே விடமாட்டோம்னு சொல்ற எடம் இருக்கு, புது கிரேடையும் பழசையும் சேத்து கணக்கு போடற எடம் இருக்கு, எல்லாத்துக்கும் மேல ரிப்பீட் பண்ணவங்களுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ் குடுக்கறதுல ஏதாவது கட்டுப்பாடு இருக்கானு தெரிஞ்சுக்காம நீ பதிஞ்சிட்டா எதுக்காக பண்ணியோ அதுவே போயிடும். இது தோழி வாயால கேட்டு முடிவு பண்ற விஷயம் இல்ல, வாட்சாப் குரூப்ல கேட்டும் வேண்டாம், ஃபேகல்ட்டி ரூல் புக்க கைல வச்சுக்கிட்டு அட்வைசர்கிட்டதான் கேக்கணும், அதுவும் செமெஸ்டர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. சப்ஜெக்ட் சேக்கவும் விடவும் குடுக்கற ஆட் டிராப் தேதி தாண்டிட்டா அப்புறம் விலகினா டிரான்ஸ்கிரிப்ட்ல அது நிக்கும்.

இன்னொன்னு, எஃப்.ஒய்.பி, அதாவது கடைசி வருஷ புராஜெக்ட். ஒன் கோர்ஸ்ல அது 8 கிரெடிட்னு வச்சுக்க, அதுல பி பிளஸுக்கு பதிலா ஏ வாங்கினா 5 பாயிண்டுக்கு மேல கெடைக்கும், பயோகெமிஸ்ட்ரி ரிப்பீட்ட விட ஜாஸ்தி! அதனால யாரு சுப்பர்வைசர், யாரோட லேப்ல சாமான் இருக்கு, யாரு பிள்ளைங்கள வாரா வாரம் பாப்பாங்கனு இப்பவே கேட்டு வை. இத எந்த ஹேண்ட்புக்கும் சொல்லாது, அட்வைசருக்கு நல்லா தெரியும். லத்திஹான் இண்டஸ்ட்ரி (கம்பெனில போயி எடுக்கற பயிற்சி) கிரேட்ல சேருமா, வெறும் பாஸ் ஃபெயிலானும் கேளு. 6 கிரெடிட் பாஸ் ஃபெயில்னா அது சி.ஜி.பி.ஏல வராது, அப்ப 3.84 இல்ல, 3.86 வேணும்.

கடன் விஷயம் நெஜம்தான், ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தா விலக்கு உண்டு, ஆனா தானா வராது, நீதான் விண்ணப்பம் போடணும், நிபந்தனைய நீ கையெழுத்து போட்ட அக்ரிமெண்ட்ல பாத்துட்டு பி.டி.பி.டி.என் கவுண்டர்ல ஒரு தடவ உறுதி பண்ணிக்க. ஃபர்ஸ்ட் கிளாஸ் வரலன்னாலும் செகண்ட் அப்பர் நல்ல டிகிரிதான், அதுக்காக தூக்கத்த கெடுத்துக்காத.

எப்படி கேக்கறதுனு தெரியலன்னா இன்னிக்கு ராத்திரியே ஒரு ஈமெயில் போடு. சலாம் செஜாத்ரா டாக்டர்னு ஆரம்பிச்சு, பேரு, மெட்ரிக் நம்பர், எந்த வருஷம், அடுத்த செமெஸ்டர் ரெஜிஸ்ட்ரேஷன் பத்தி 15 நிமிஷம் பேசணும், உங்களுக்கு எந்த நாள் தோது, அவ்ளோதான். நாலு வரி போதும். ஒரு வாரம் பதில் வரலன்னா மறுபடி அனுப்பு, அவர் கோச்சுக்கிட்டாருனு நெனச்சுக்காத, மெயில் கீழ போயிருக்கும். போறப்ப டிரான்ஸ்கிரிப்டும் மேல போட்ட கணக்கும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டு போ. வீட்டு நெலமையையும் சொல்லு, அம்மா என்ன வேல செய்யறாங்கனு சொல்றதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல. கை நெருக்கடின்னு தெரிஞ்சாத்தான் எச்.இ.பில (மாணவர் நலப் பிரிவு) என்ன உதவி இருக்குனு அவரால சொல்ல முடியும்.

அப்புறம் அம்மா. அவங்களுக்கு சி.ஜி.பி.ஏ புரியாதுனு நீயா முடிவு பண்ணாத. கூலி கணக்கு, முன்பணம் கணக்கு எல்லாம் மனசுலயே போடறவங்க அவங்க. வேல முடிஞ்சு வந்து தேத்தண்ணி குடிக்கறப்ப, 225 இருக்கு, 440 வேணும், மிச்சத்துக்கு இப்படி பண்ணப் போறேன்னு சொல்லிப் பாரு.