கோதுமையே கூடாது, சைவம் மட்டும்தான்: தினமும் ருசியாக என்ன சமைப்பது?

கேட்டிருப்பது இதுதான்: வீட்டில் ஒருவருக்கு சீலியாக் நோய் (கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள், கோதுமை அறவே கூடாது. குடும்பம் சைவம். இட்லி, தோசை, சாதம் என்றே சுற்றிச் சுற்றி வந்து அலுத்துவிட்டது. இரவுச் சப்பாத்திக்கு என்ன மாற்று, வேறு எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும்?

'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்ட பிரெட், பாஸ்தா, பிஸ்கட்டைத் தேடி அலைவதுதான் பெரும்பாலோர் முதலில் செய்வது. விலை அதிகம், ருசி குறைவு. அவற்றில் பல வெறும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான். தமிழ்ச் சமையலில் கோதுமை இல்லாமலேயே ருசிக்கும் பண்டங்கள் ஏராளம். அவற்றை வாரத்துக்குள் மாற்றி மாற்றிச் சமைத்து, கோதுமை ஒளிந்து நுழையும் நாலைந்து வழிகளை அடைத்தால் போதும்.

மருத்துவரிடம் இன்னும் உறுதி செய்யவில்லை, சந்தேகம்தான் என்றால் கோதுமையை இப்போதே நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையும் குடல் பயாப்ஸியும் (குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் 'இல்லை' என்று வந்துவிடலாம்.

கோதுமை நுழையும் வழிகளில் முதலிடம் பெருங்காயத்துக்கு. கடையில் கிடைக்கும் பெருங்காயம், தூளானாலும் கட்டியானாலும், பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம்தான். பெருங்காயப் பிசினோடு கருவேலம் பிசினும் மாவும் சேர்த்துச் செய்வது. அந்த மாவு பல பிராண்டுகளில் மைதா அல்லது கோதுமை மாவு. சாம்பார், ரசம், பொங்கல், மோர், ஊறுகாய், இட்லிப் பொடி என்று அது போகாத பண்டம் இல்லை. 'ஒரு சிட்டிகைதானே' என்று தோன்றும். மூன்று வேளையும் சேரும் சிட்டிகை சீலியாக் உள்ளவருக்குச் சின்ன விஷயம் இல்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் விற்கிறார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படித்து வாங்குங்கள். கிடைக்காத ஊரில் பெருங்காயத்தை விட்டுவிட்டு, ரசத்தில் நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகு சீரகத்தைக் கொஞ்சம் கூட்டினால் குறை தெரியாது.

அடுத்தது சத்துமாவு. உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்குவதாலேயே இதில் ஏமாறுவார்கள். சம்பா கோதுமையோ பார்லியோ இல்லாத சத்துமாவு அபூர்வம். நவதானியம் என்றாலும் அதில் கோதுமை உண்டு. ராகி சேமியா, சிறுதானிய நூடுல்ஸ், மல்டிகிரெய்ன் மாவு எல்லாவற்றிலும் பெயர் ஒன்று, உள்ளே பாதிக்கு மேல் கோதுமையோ மைதாவோ இருக்கலாம். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லி, கோதுமையில் செய்தவை. ஓட்ஸ் தன்னளவில் வேறு தானியம் என்றாலும் வயலிலும் ஆலையிலும் கோதுமை, பார்லியோடு கலந்துவிடும். தனியாகச் சான்றளித்த ஓட்ஸாக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சோயா சாஸிலும் கோதுமை உண்டு. இந்தியாவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. பாக்கெட்டில் ஒவ்வாமை எச்சரிக்கை வரியும் இருக்கும். அதில் கோதுமை என்று இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள்.

மூன்றாவது மாவு மில். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு கல்லிலும் குழாயிலும் ஒட்டியிருந்து உங்கள் கேழ்வரகு மாவோடு வரும். அரிசிக்குத் தனி மெஷின் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிப்பதே பத்திரம். ஒரு கிலோ அரிசியை முதலில் ஓட்டிவிட்டு அப்புறம் உங்களுடையதைப் போட்டால் கலப்பு குறையும், முழுக்கப் போகாது. சிறுதானியத்தை மாவாக வாங்காமல் முழுசாக வாங்குங்கள். முறத்தில் பரப்பினால் நடுவில் கிடக்கும் கோதுமை மணி கண்ணுக்குத் தெரியும், பொறுக்கிவிடலாம். மாவாக வாங்கினால் அந்த வசதி இல்லை.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிடுகிறார்கள் என்றால் மரப்பலகை, பூரிக்கட்டை, சல்லடை மூன்றும் தனியாக இருக்கட்டும். மரத்தின் விரிசலில் ஏறிய மாவு கழுவினாலும் போகாது. பூரி பொரித்த எண்ணெயில் வடை போடாதீர்கள்.

இனி சமையல். சப்பாத்திக்கு மாற்றாக நான் முதலில் சொல்வது சோள ரொட்டி. வடகர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் இது தினச் சாப்பாடு, அங்கே யாரும் இதை மாற்று உணவாக நினைப்பதில்லை. கடையில் 'சோள மாவு' என்று மட்டும் கேட்டால் மக்காச்சோள ஸ்டார்ச்சைக் கொடுத்துவிடுவார்கள், வெள்ளைச் சோளம் என்று கேட்டு வாங்குங்கள். கோதுமை மாவைச் சவ்வாக இழுத்துப் பிடிப்பது குளூட்டன். சோளத்தில் அது இல்லை என்பதால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிர்ந்துவிடும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் மாவிலுள்ள ஸ்டார்ச் வெந்து பசையாகி, அந்தப் பிடிப்பைத் தரும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் ரொட்டி வந்துவிடும்.

ஒரு கப் மாவுக்கு முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் வரை தண்ணீர் பிடிக்கும். அரை டீஸ்பூன் உப்புப் போட்டுத் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, முக்கால் பாகத்தை மாவில் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில், மீதித் தண்ணீரைத் தேவைக்குத் தெளித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து நிமிடம் அழுத்தித் தேயுங்கள். உருட்டி லேசாக அமுக்கினால் ஓரத்தில் வெடிப்பு வரக் கூடாது, அதுதான் பதம். காய்ந்த சோள மாவைத் தூவி கையால் தட்டலாம், அல்லது வாழை இலையில் வைத்துத் தட்டலாம். தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ரொட்டியைப் போட்டவுடன் மேல்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, அந்த ஈரம் காய்ந்ததும் திருப்புங்கள். பிறகு நேராகத் தணலில் காட்டினால் உப்பி வரும்.

ஓரம் வெடித்தால் தண்ணீர் போதிய சூட்டில் இல்லை, அல்லது மாவு பழசு. கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது; மாவு தூவிச் சரிசெய்யலாம். வறண்டு அப்பளம் மாதிரி ஆனால் சிறு தீயில் நெடுநேரம் கிடந்திருக்கிறது. எடுத்ததும் துணியில் சுற்றி மூடி வையுங்கள், ஆறினாலும் மெத்தென்று இருக்கும். கம்பு மாவிலும் இதே முறைதான். ஆனால் கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், அரைத்த சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். கேழ்வரகு மாவில் பொடியாக நறுக்கிய வெங்காயம், முருங்கைக்கீரை, பச்சைமிளகாய் சேர்த்து அடையாகத் தட்டினால் தொட்டுக்கொள்ளக்கூட ஒன்றும் வேண்டாம்.

ரவா உப்புமாவுக்கு ஏங்குபவர்களுக்கு அரிசி உப்புமா. ரவை உப்புமாவைவிட இது ஒரு படி மேல் என்பது என் கட்சி. பச்சரிசி ஒரு கப், துவரம்பருப்பு 2 டேபிள்ஸ்பூன், மிளகு, சீரகம் தலா ஒரு டீஸ்பூன். மிக்ஸியில் ரவைப் பதத்துக்கு உடைத்து, மாவாக விழுந்ததைச் சலித்து நீக்குங்கள். சலிக்காமல் போட்டால் களியாகிவிடும், பலருக்கும் இது சரியாக வராததற்குக் காரணம் இதுதான். கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, இரண்டரை கப் தண்ணீரும் உப்பும் 3 டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கொதித்ததும் உடைத்ததைத் தூவிக் கிளறி, சிறு தீயில் மூடி 12 முதல் 15 நிமிடம். அடி கனத்த பாத்திரமாக இருந்தால் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் காந்தல்தான் இதில் விசேஷம். கத்தரிக்காய் கொத்சு வைத்துக்கொண்டால் இரவுச் சாப்பாடே முடிந்தது.

வாரத்தில் இரண்டு நாள் அடை போடச் சொல்வேன், பருப்புச் சத்து நிறையச் சேரும். இட்லி அரிசி, பச்சரிசி தலா ஒரு கப், துவரம்பருப்பு, கடலைப்பருப்பு தலா அரை கப், உளுந்து கால் கப், மிளகாய் வற்றல் ஆறு. மூன்று மணி நேரம் ஊறவைத்துக் கொரகொரப்பாக அரையுங்கள். நைசாகிவிட்டால் அடை தோல் மாதிரி இழுக்கும். நடுவில் குழி போட்டு அதிலும் எண்ணெய் விடுங்கள். பாசிப்பயறு அரைத்து ஊற்றும் பெசரட்டு, இடியாப்பம், அரிசிப் புட்டு, ஜவ்வரிசி உப்புமா என்று மற்ற நாட்களுக்கு வரிசை இருக்கிறது.

மதியத்துக்குச் சாதமே போதும். மாற்றம் வேண்டுமென்றால் சாமை, வரகு, குதிரைவாலி: ஒன்றுக்கு இரண்டு தண்ணீர், 20 நிமிடம் ஊறல், இரண்டு விசில். சூட்டோடு கிளறினால் குழைந்துவிடும். தட்டில் பரப்பி ஆறவிட்டுப் புளிக்காய்ச்சலோ எலுமிச்சையோ கலந்தால் உதிரியாக இருக்கும். தினையில் வெண்பொங்கல் அருமையாக வரும்.

இனிப்பில் மைசூர்பா, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், கொழுக்கட்டை, பாசிப்பருப்புப் பாயசம் சரி. திருநெல்வேலி அல்வா, அசோகா, பாதுஷா, குலாப் ஜாமுன், சோன்பப்டி, சேமியா பாயசம் கூடாது. அதிரசத்தில் பிரியாமல் இருக்க மைதா சேர்ப்பவர்கள் உண்டு, கேட்டுவிடுங்கள்.

சீலியாக்கில் குடல் சரியாகும்வரை இரும்புச் சத்தும் ஃபோலேட், பி12 என்ற வைட்டமின்களும் குறைவது சகஜம். சைவம் என்றால் பி12 இன்னும் இறங்கும். கீரை, சுண்டல், தயிர், கேழ்வரகு தினமும் ஏதாவது இரண்டு இருக்கட்டும். சுண்டலின் மேல் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். பி12-ஐ உணவால் ஈடுகட்டிவிடலாம் என்று விடாமல் ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டலில் 'குளூட்டன்' என்று கேட்டால் புரியாது. 'ரவை, மைதா, கோதுமை எதுவும் கலந்திருக்கா, ரவா தோசை ஊற்றிய கல்லா?' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மெதுவடை மொறுமொறுப்பாக இருக்க ரவை சேர்ப்பார்கள், பஜ்ஜி மாவில் மைதா கலப்பார்கள், சாம்பாரில் பெருங்காயம் எதுவென்று அவர்களுக்கே தெரியாது. இட்லியும் தேங்காய்ச் சட்னியும் ஓரளவு பத்திரம். சட்னித் தாளிப்பில் பெருங்காயம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணம் என்றால் நல்லெண்ணெயும் உங்கள் வீட்டுப் பொடியும் தடவிய இட்லி, புளிச்சாதம், வறுத்த கடலை கையில் இருக்கட்டும். தேங்காய் சேர்க்காத புளிச்சாதம் காலையில் கிளறினால் இரவுவரை தாங்கும்.