கெய்ரோவுக்கு அனுப்பலாமா என்று கேட்கும் அப்பாவுக்கு

நீட்டில் மகள் தேறியும் அரசு சீட்டு கிடைக்கவில்லை. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது கெய்ரோவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்பச் சொல்கிறார் மைத்துனர். உங்கள் பதற்றம் நியாயமானதுதான். ஆனால் அனுப்பாதீர்கள்.

குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, மறுபடி இங்கே 12 மாதம். அதுவரை வட்டியை மைத்துனரா கட்டப்போகிறார்?

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் முக்கியம். எகிப்தைப் பற்றித் தேடப்போன பெண், பில்ஹார்சியாவில் மூழ்கிவிட்டாள். நன்னீர் நத்தை வழியே பரவும் புழுவால் வரும் நோய் அது. அந்தப் புழுவை 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் கண்டறிந்தார். அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் தங்கி, ஆண்டுக்கணக்கில் புண்ணாக்கி, சிலருக்குப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகின்றன. அந்த நோயாளிகளின் ரத்தத்தில் எந்த எதிர்ப்பு செல் குறைகிறது, எது கூடுகிறது என்றல்லவா அவள் கேட்கிறாள்? அதற்கு விடை ஆய்வகத்தில் இருக்கிறது.

அங்கே போக வழி, பி.எஸ்சி. மெடிக்கல் லேப் டெக்னாலஜி படிப்பு. அதில் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற, செல்களை லேசர் ஒளியில் வகைபிரித்து எண்ணும் வேலையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஈடிடிஏ என்ற உறைதடுப்பு மருந்து உள்ள குழாயில் வந்த ரத்தத்தில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து, குறிப்பிட்ட செல்களில் போய் ஒட்டும், ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடி சேர்த்து, இருட்டில் 15 நிமிடம் வைத்து, சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு லேசர் முன் ஓட்டவேண்டும். சிடி4, சிடி8, என்.கே. என்ற எதிர்ப்பு செல் வகைகள் புள்ளிக் கூட்டங்களாகத் திரையில் பிரியும். ஒரு மைக்ரோலிட்டரில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் 2000, அதில் சிடி4 40 சதவீதம் என்றால், சிடி4 எண்ணிக்கை 800. குழாயைச் சரியாகக் கவிழ்த்துக் கலக்காமல் ரத்தம் உறைந்தால் எண்ணிக்கை பொய். புழு நோயாளிகளிடம் இன்னொரு வம்பு: அவர்களிடம் மிகுந்திருக்கும் ஈசினோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்கள் சாயமில்லாமலே ஒளிரும். எந்தப் புள்ளிகளை எண்ணுவது என்று திரையில் எல்லை வரைகிறவர், அதாவது கேட் போடுகிறவர், அசந்தால் அவையும் கணக்கில் ஏறிவிடும்.

ரத்தப் புற்றுநோய் கண்டறியும் ஆய்வகங்களுக்கும் இந்தக் கை வேண்டும். ஆராய்ச்சிதான் வேண்டுமென்றால், சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் யானைக்கால் புழுவை வைத்து இதே மாதிரியான கேள்விகளை ஆராய்கிறார்கள். அதற்கு மேற்படிப்பு தேவைப்படும். தொடக்கச் சம்பளம் சிறிதுதான், மறைக்கமாட்டேன். ஆனால் பத்திரம் பீரோவிலேயே இருக்கும்.

கல்லூரியில் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். சொந்த மருத்துவமனை உண்டா, ஃப்ளோ கருவி ஓடுகிறதா, மாணவர் கையால் தொடவிடுகிறார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கேட்கப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள், மைத்துனர் வேண்டாம்.