முதுமையும் உருக்கமும் - கடிதம்

அன்புள்ள ஐயா,

தோட்டத்தில் தனியாக இருக்கும் என் மாமியாரை வைத்து ஒரு கதை எழுதினேன். எண்பது வயதிலும் பால் பணத்தை அவரேதான் வாங்குவார். பத்திரத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பார். "வயதானவர் மீது இரக்கமே வரவில்லை, உருக்கம் சேருங்கள்" என்று ஒரு பத்திரிகை திருப்பிவிட்டது. நம் கதைகளில் கிழவர்கள் ஏன் அழுதுகொண்டே இருக்கிறார்கள்?

க., கோபி

அன்புள்ள க.,

அழுவது பெரும்பாலும் கிழவர்கள் இல்லை, எழுதுகிற மகன்கள். ஊரை விட்டு வந்தவனின் குற்ற உணர்ச்சிக்கு முதியோர் இல்லத்து வாசலில் ஓர் அம்மா தேவைப்படுகிறாள். அவளுக்குக் கோபம், கணக்கு, நாக்கு ருசி எதுவும் இருக்கக் கூடாது.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் பேசுபவரே கிழவர். தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிறார். பிள்ளைகளைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, ஆழத்தில் துடுமென்று குதித்து அடிமணலை அள்ளி வந்ததைத்தான் நினைக்கிறார். நம்மூர்க் கிணற்றில் குதித்த எந்தக் கிழவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார், கொஞ்சம் கூடுதலாக அளந்துவிட்டு.

ஊரின் பார்வையும் பத்திரிகையின் பார்வைதான். 2024இல் பல்லடம் பக்கமும் 2025இல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்த முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, "பெத்தவங்களை இப்படியா விடுவாங்க" என்று பொதுவாகப் பிள்ளைகளை ஏசினார்கள். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறான். "எருமைக்கு ஆரு கண்ணு தண்ணி காட்டறது? அங்க வந்து செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமாக்கும்?" என்று அம்மா மறுக்கிறாள். பயம் அவளுக்கும் உண்டு. ராத்திரி நாய் குரைத்தால் எழுந்து உட்கார்கிறாள். ஆனாலும் வரமாட்டாள். இந்தப் பிடிவாதத்தை எழுத உருக்கம் உதவாது.

பத்திர விஷயமும் அப்படித்தான். பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக் கேட்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வழி உண்டு. உங்கள் மாமியார் அதற்கும் முந்திய ஆள். எழுதியே கொடுக்கவில்லை!

கதையைத் திருத்த வேண்டாம். அரிசிப் பானை உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வருகிறது. கதையிலும் அப்படித்தான் என்றால், அங்கே மட்டும் இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள். அரிசி அளக்க மருமகள் பானையைத் திறக்கும்போது அவர் எங்கே நிற்பார் என்று உங்களுக்குத்தானே தெரியும்.