மலையிலிருந்து தீவுகளுக்கு: கேட்டவற்றுக்குச் சில பதில்கள்

போர் முடிந்த மறு ஆண்டு, 2010-இல், இருபத்தாறு பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஹட்டனிலிருந்து முதல் தடவையாக நயினாதீவுக்குப் போனேன். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்து மக்களோடு தீவுப் பக்கம் போய்வருகிறேன். சித்திரை விடுமுறை நெருங்குவதால் பலரும் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஓர் ஆசிரியை: நான்கு நாள் விடுமுறை இருக்கிறது, சேர். யாழ்ப்பாணத்தின் சப்த தீவுகளையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது, டீச்சர். முயலவும் வேண்டாம். தீவுகளை எண்ணிக்கொண்டு போனவர்கள் படகுத்துறையையும் பஸ் சீட்டையும் மட்டும்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

முதலில் எங்கே கடல் குறுக்கிடுகிறது என்று பாருங்கள். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் கடலுக்குள் போட்ட தாம்போதிகளால் வீதியோடு இணைந்தவை. வான் வண்டியிலேயே போய்விடலாம். படகு கட்டாயமாகத் தேவைப்படுவது நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றுக்குத்தான். நயினாதீவு, நெடுந்தீவுப் படகுகள் புங்குடுதீவின் கடைசி முனையான குறிகட்டுவானிலிருந்து புறப்படுகின்றன. யாழ்ப்பாண நகரிலிருந்து அந்தத் துறைக்கு பஸ் இருக்கிறது.

உங்கள் நான்கு நாளை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் முடிகிறது, 321 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். இரவு பஸ் பிடித்தால் விடியும்போது அங்கே இருப்பீர்கள். அன்று ஓய்வெடுத்துவிட்டு, மாலையில் காரைநகரின் கசூரினா கடற்கரைக்குப் போங்கள். மறுநாள் முழுவதும் நெடுந்தீவு. மூன்றாம் நாள் காலை நயினாதீவு, பிற்பகல் ஊர்காவற்றுறை. அங்கிருந்து பார்த்தால் கடலின் நடுவே ஹமன்ஹீல் கோட்டை நிற்கும். நான்காம் நாள் வீடு.

நெடுந்தீவை முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. காற்று எழும்பினால் முதலில் நிற்பது அந்தப் படகுதான். இரண்டாம் நாள் போக முடியாவிட்டால் கையில் மூன்றாம் நாள் இருக்கும். கடைசி நாளுக்கு ஒதுக்கி வைத்து, துறையிலேயே நின்று ஏமாந்து திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

நோர்வூட்டிலிருந்து ஓர் இளைஞர்: படகு நேரங்களை எங்கே பார்ப்பது, அண்ணா? ஆளுக்கு ஒரு நேரம் சொல்கிறார்கள்.

தம்பி, ஆளுக்கு ஒரு நேரம் சொல்வது பொய்யல்ல. அவரவர் போன காலத்தின் நேரத்தைச் சொல்கிறார்கள். காற்று, எரிபொருள், பழுது, திருவிழா என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் மாறும். நயினாதீவுக்குப் பகல் முழுவதும் படகுகள் அடிக்கடி ஓடும். கால் மணித்தியாலப் பயணம்தான். நெடுந்தீவு அப்படியில்லை. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில், நாளுக்கு ஒருசில படகுகள் மட்டுமே. முந்தின நாளே தங்குமிடத்தாரிடமோ துறையிலோ கேளுங்கள். தீவில் காலை வைத்ததும் மறுபடியும் கேளுங்கள்: "கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" அந்த நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்தைக் கழித்துவிட்டு உங்கள் நாளைத் திட்டமிடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு வருடம் பதினெட்டுப் பேரோடு நெடுந்தீவு போயிருந்தேன். ஓர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் அத்தனை பேரும் ஏறி, பெருக்கு மரம் (பாவோபாப்), டச்சுக் கோட்டை என்று சுற்றினோம். திரும்பும் வழியில் டயர் காற்றுப் போய்விட்டது. துறைக்கு ஓடி வந்தபோது படகு ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்தது. சிறுபிள்ளைகள் நால்வர், நீரிழிவுக்காரர் ஒருவர். அவருடைய இரவு மாத்திரை யாழ்ப்பாணத்து அறையில் கிடந்தது. துறையருகே ஒரு வீட்டார் எங்களைத் தங்கள் முற்றத்தில் படுக்க வைத்து, பானை நிறையக் கஞ்சி காய்ச்சித் தந்தார்கள். அவர்களுடைய வேலி முருகைக்கல்லை, அதாவது பவளக்கல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. நிலா எழுந்தபோது கல்லிடுக்குகளின் வழியே வெளிச்சம் புள்ளிபுள்ளியாகப் பாயில் விழுந்தது. காற்று அந்த இடுக்குகளில் விடிய விடிய ஊதிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் அதை இன்றைக்கும் சொல்லி மகிழ்கிறார்கள். நான் அன்று கண் மூடவில்லை. நீரிழிவுக்காரரின் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். அதன் பிறகு, ஒரு நாள் பயணமானாலும் இரண்டு நாள் மருந்தைக் கைப்பையில் வைக்காத எவரையும் நான் படகில் ஏற்றுவதில்லை.

இராகலையிலிருந்து: ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என்று பாடசாலை விடுமுறை மூன்று இருக்கிறது. எது நல்லது?

வடக்குத் தீவுகளுக்கு ஏப்ரல். வாடைக் காற்றும் மழையும் ஓய்ந்து, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் எழாத இடைவெளி அது. பெப்ரவரி, மார்ச்சும் நல்ல மாதங்கள். மே மாதத்துக்குப் பிறகு சோளகக் காற்று வீசத் தொடங்கும்; வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், ஆனால் நெடுந்தீவுக் கடல் குலுக்கி எடுத்துவிடும். வெயிலைப் பார்த்துக் கடலை எடைபோடக் கூடாது. நவம்பர், டிசம்பரில் வடக்குக்கு மழை. அப்போது போக வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் திருகோணமலைப் பக்கம் திரும்புங்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது மலை அதை மறித்துக்கொள்வதால் கிழக்குக் கரை காய்ந்து, கடலும் அமைதியாக இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவும் நடக்கும். அறை கிடைப்பது கடினம். பௌர்ணமி நாட்களில் நயினாதீவைத் தவிருங்கள். நாக விகாரைக்கு நாடெங்கும் இருந்து யாத்திரிகர் வருவார்கள். படகு வரிசையிலேயே அரை நாள் கரைந்துவிடும். ஆனித் திருவிழாவில் நாகபூசணி அம்மனைப் பார்க்க வேண்டும் என்றே போகிறவர்களுக்குக் கூட்டம் ஒரு பொருட்டல்ல, அவர்கள் போகட்டும்.

பொகவந்தலாவையிலிருந்து ஓர் அம்மா: கினிகத்தேனை வளைவுகளிலேயே எனக்கு வாந்தி வந்துவிடும். படகில் என்ன செய்வேன்?

மலைப்பாதையில் வாந்தி வருகிறவர்கள் எல்லாருக்கும் படகிலும் வரும் என்றில்லை, அம்மா. ஆனாலும் ஆயத்தமாகப் போங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இரண்டு பிஸ்கட், கொஞ்சம் இஞ்சித் தேநீர் போதும். மருந்தகத்தில் வாந்தித் தடுப்பு மாத்திரை கேட்டு, ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன்னதாகவே விழுங்குங்கள். குமட்டத் தொடங்கிய பிறகு விழுங்கினால் பயனில்லை. வேறு மருந்து எடுப்பவரானால் மருந்தகத்தில் சொல்லிக் கேளுங்கள். படகின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. சில படகுகளின் உள்தட்டில் டீசல் வாடையும் புழுக்கமும் இருக்கும்; இடம் கிடைத்தால் காற்றுப் படும் இடத்தில் உட்கார்ந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். கைபேசியைப் பார்க்காதீர்கள்.

உயிர்காப்பு அங்கி தந்தால் அணியுங்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். புழுக்கம் என்று அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் நம்மவர்கள்தான். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நுவரெலியாவிலிருந்து: வயதான அப்பாவையும் அழைத்துப் போகலாமா? வெயில் தாங்குவாரா?

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு இறங்கும்போது பன்னிரண்டு பாகையளவு வெப்பம் கூடும். உடம்பு அதற்குப் பழகச் சில நாட்களாகும். உங்களுக்கு இருப்பதோ நான்கு நாள். ஆகவே காலை பத்து மணிக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் மட்டும் அவரை நடக்க விடுங்கள். நமக்குத் தாகம் எடுத்தால்தான் தண்ணீர் குடிக்கும் பழக்கம். அங்கே தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது. நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோங்கள். ஸ்வெட்டரை யாழ்ப்பாணத்திலேயே வைத்துவிட்டு மெல்லிய பருத்திச் சட்டையும் தொப்பியும் போதும்.

அவருக்கு நயினாதீவு பொருந்தும். இறங்கியதும் எதிரில் கோவில், மதியம் அன்னதானம், விகாரைக்குக் கொஞ்ச தூரம்தான் நடை. படகுக்கும் துறைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டும்போது மட்டும் இருவர் கை கொடுங்கள். நெடுந்தீவுக்கு அழைத்துப் போக வேண்டாம். உழவு இயந்திரப் பெட்டி முதுகெலும்பை உலுக்கிவிடும்.

பண்டாரவளையிலிருந்து புதுமணத் தம்பதியர்: மாலைதீவு போக ஆசை. நம்மால் முடியுமா?

விளம்பரங்களில் வரும் தண்ணீர்மேல் குடில்களை மறந்துவிட்டால் முடியும். மாலைதீவில் ஏறக்குறைய 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை இருநூறு அளவில். மாஃபுஷி போன்ற குடியிருப்புத் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் உண்டு, தலைநகர் மாலேயிலிருந்து அரசுப் படகும் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இறங்கியதும் 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும்; திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை பெரும்பாலான பொதுப் படகுகள் ஓடுவதில்லை. வியாழன் மாலை வந்திறங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். குடியிருப்புத் தீவுகளில் மது இல்லை. குளிப்பதற்கென ஒதுக்கிய கரை தவிர்ந்த இடங்களில் அடக்கமான உடை வேண்டும். ஒரே பவளத்தீவுக் கூட்டத்துக்குள் இரண்டு தீவோடு நிறுத்துங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தாவினால் விரைவுப் படகுக் கட்டணம் கையைக் கடிக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

பதுளையிலிருந்து: புறாத்தீவில் பவளப்பாறை பார்க்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா?

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சிறிய படகில் பத்து நிமிடம். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்கள டிக்கெட் எடுக்க வேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள். நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியோடு, ஒரு வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் முகமூடியை மட்டும் அமிழ்த்திப் பாருங்கள். கரையருகிலேயே மீன் கூட்டம் தெரியும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். பார்வைக்குக் கல் மாதிரி இருக்கும், அது உயிர். தேயிலைக் கன்றை ஒருவர் மிதித்தால் நாம் பார்த்துக்கொண்டிருப்போமா? கன்றாவது ஐந்து வருடத்தில் மறுபடி எழும். இது ஒரு விரல் வளர்வதற்கே வருடங்கள் ஆகும். நிற்க வேண்டுமானால் மணலில் நில்லுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஐயா: என் பாட்டனார் தலைமன்னாரில் இறங்கி வந்தவர். மன்னாரும் தீவுதானே? அதைப் பயணத்தில் சேர்க்கலாமா?

சேருங்கள், ஐயா. இந்தக் கேள்விக்காகவே மற்றவற்றைச் சுருக்கிக்கொண்டு வந்தேன்.

மன்னார் தீவுதான், தாம்போதி வழியாக பஸ்ஸிலும் புகையிரதத்திலும் போகலாம். 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்குவதற்கு முன்பு, நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து அந்தக் கரைகளில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும் வந்தது. அதன்படி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நம்மவர்கள் மலையிலிருந்து கோச்சி (புகையிரதம்) ஏறி, தலைமன்னாரில் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறினார்கள். அந்த வண்டிக்கு நம் மக்கள் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும்: ஒப்பாரிக் கோச்சி.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவில் ஒரு பாட்டி வந்தார். கொழுந்து பறித்துக் கறுத்த விரல்கள். அண்ணனை ஹட்டன் நிலையத்தில் வழியனுப்பியவர். அதற்குமேல் போக விடவில்லையாம். தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையின் எஞ்சிய தூண்கள் கடலுக்குள் நீண்டு நிற்கும். பாட்டி கரையில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினார். நடுவில் கணக்குத் தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். "கடைசித் தூண்லதான் கப்பல் நின்னிருக்கும், என்ன மாஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

காலையில் போங்கள்; இரண்டு மணித்தியாலமாவது அங்கே இருங்கள். அப்பால் தெரியும் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளுக்கு நம் விருப்பப்படி படகில் போக முடியாது, கரையிலிருந்து பார்க்கலாம். திரும்பும் வழியில் பள்ளிமுனைப் பெருக்கு மரத்தையும், பெருநிலத்துக்கு வந்ததும் திருக்கேதீஸ்வரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணப் பயணத்தோடு இணைத்தால் ஒரு நாள் கூடும். அந்த ஒரு நாளுக்கு விடுப்புக் கேட்டு வாங்குங்கள்.

கொட்டகலையிலிருந்து, பன்னிரண்டு வயது: நெடுந்தீவில் காட்டுக் குதிரைகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா, மாமா?

பார்க்கலாம், மகனே. போர்த்துக்கீசர், டச்சுக்காரர் காலத்தில் கொண்டுவந்த குதிரைகளின் வழிவந்தவை அவை. ஊர்மனைகளைத் தாண்டிய வெட்டவெளியில் கூட்டமாக மேயும். முப்பதடி தள்ளி, காற்று உன் பக்கம் வீசுகிற மாதிரி நின்றுகொள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகாதே. பிஸ்கட் போடாதே. வெயில் ஏறுவதற்கு முன் போனால் தண்ணீர்க் கேணிக்கு வரும். அசையாமல் உட்கார்ந்திருந்தாயானால், புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் கேட்கும்.